ஆறாம் நம்பர் பச்சை

மதியம் ஒன்று ஐம்பதுக்கு, எலுமிச்சைச் சாதத்தின் கடைசி வாயை மென்றுகொண்டே திரையைப் பார்த்தேன். பழைய ஆவணங்கள்: காலையிலிருந்து ஏற்றியவை மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம், தேடினால் கிடைப்பவை பூஜ்யம். அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இருந்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை. பெர்மிட்: இன்று எழுதியவை ஒன்பது, தேடினால் கிடைப்பவை பூஜ்யம்.

எங்கள் அலுவலகம் படப்பையில் ஒரு டூவீலர் சர்வீஸ் கடையின் மாடியில் இருக்கிறது. எங்கள் சேவையின் பெயர் தூண்டில். ஒரகடம், பிள்ளைப்பாக்கம், மறைமலை நகர் பக்கம் ஏழு தொழிற்சாலைகள் தங்கள் தகவல்களை எங்களுக்கு அனுப்புகின்றன. மும்பையில் எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வர்களில் அவை கிடக்கின்றன. தொழிற்சாலையில் ஒருவர் ஒரு சொல்லைத் தட்டினால், கண் இமைப்பதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும். அது ஒரு கணமும் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் முதலாளி டெனிசன் சார் தினமும் காலையில் ஒரு எண்ணை மாற்றி எழுதுவார். நிற்காமல் ஓடிய நாட்கள். அன்று அது இருநூற்றுப் பதினொன்று.

எங்கள் வேலை ஒரு நூலகம் மாதிரி. புதிதாக ஒரு புத்தகம் வந்தால் உடனே உள்ளே வாங்கி வைத்துவிடுவோம். ஆனால் அட்டவணையில் ஏறினால்தான், கேட்பவருக்கு அது இருப்பதாகச் சொல்ல முடியும். தூண்டில் நொடிக்கு ஒருமுறை தன் அட்டவணையைப் புதுப்பித்துக்கொள்ளும். லாரி லாரியாகப் பழைய புத்தகம் வந்து இறங்கும் நாளில் மட்டும் புதுப்பிப்பதை நிறுத்திவைப்போம். எல்லாவற்றையும் இறக்கி முடித்துவிட்டு, மொத்தமாக அட்டவணை போடுவோம். அதுதான் வேகம். அதுவரை கேட்பவர்களுக்கு எல்லாம் ஒரே பதில். கிடைக்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு பிள்ளைப்பாக்கம் தொழிற்சாலைக்குத் தணிக்கை செய்ய வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களிடம் காட்டப் பத்து வருடப் பராமரிப்புக் காகிதங்கள் முழுதும் ஏறியிருக்க வேண்டும் என்று டெனிசன் சார் சொல்லியிருந்தார். வருடத்துக்கு ஒன்றாகப் பத்துப் பட்டியல்கள். காலை ஒன்பது இருபதுக்கு அவற்றின் புதுப்பிப்பை நிறுத்தினேன். பத்துப் பெயரையும் தனித்தனியாக அடிக்கச் சோம்பல்பட்டு, தொழிற்சாலையின் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். இந்தப் பெயரில் தொடங்கும் எல்லாம் என்று அதற்குப் பொருள். பெர்மிட் பட்டியலும் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

அது பம்பர் செய்யும் தொழிற்சாலை. ஒவ்வொரு மெஷினும் ஒரு சின்ன வீடு அளவுக்கு இருக்கும். நடுவே இரண்டு இரும்புச் சுவர்கள். மோல்டு என்பார்கள். இரண்டும் வந்து மூடிக்கொள்ளும்போது இடையில் உருகிய பிளாஸ்டிக் பாய்ந்து பம்பர் ஆகும். பழுது பார்க்க ஓர் ஆள் அந்தச் சுவர்களுக்கு நடுவே போய் நிற்கலாம். அப்படிப் போகிறவர் முதலில் தன் அட்டையைத் தேய்த்து பெர்மிட் போட வேண்டும், வெளியே வந்ததும் அதை முடிக்க வேண்டும். மெஷினுக்கு மேலே ஒரு டிவி தொங்குகிறது. அது பத்து நொடிக்கு ஒருமுறை தூண்டிலிடம் கேட்கும்: இந்த மெஷினில் முடியாத பெர்மிட் இருக்கிறதா? இருந்தால் டிவி சிவப்பாகி ஆளின் பெயரைக் காட்டும். கிடைக்கவில்லை என்றால் பச்சை. ஓட்டலாம்.

டிவியில் தெரியும் அந்தப் பக்கத்தை எழுதியது நான்.

காலை ஒன்பது இருபதிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் எல்லா டிவியும் பச்சை.

தட்டைத் தள்ளிவிட்டு, பெர்மிட் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். ஒரு நொடியில் முடிய வேண்டிய வேலை. திரையில் சிறு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கரை மணி நேரமாக இறக்கிய காகிதமெல்லாம் சர்வர்களின் தொண்டையில் நின்றது. என் கட்டளைக்கு முன்னால் வரிசையில் மூவாயிரத்து எண்ணூறு வேலைகள். ஏற்றுவதை நிறுத்தினேன். வரிசை மூவாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ஆனது. கணக்குப் போட்டேன். மூன்று மணி நேரமாவது ஆகும்.

அட்டவணையில் ஏறாவிட்டாலும் எண்ணைச் சொல்லிக் கேட்டால் காகிதத்தை எடுத்துத் தரும். பெர்மிட் எண்கள் வரிசையாகத்தான் போகும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் வர ஒரு நிமிடம் எடுத்தது. முதல் எட்டும் முடிந்துவிட்டன. போனவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த எட்டுப் பேரும் பச்சை எரியும்போதே உள்ளே நின்றிருக்கிறார்கள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஒன்பதாவது, நான்காயிரத்து நானூற்றுப் பத்தொன்பது, முடியவில்லை. மெஷின் ஆறு. மோல்டுக்கு நடுவே வெப்ப சென்சார் மாற்றுதல். உள்ளே போன நேரம் 1.47. ஆகும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம். ஆளின் பெயர் பாண்டிச்செல்வி.

பாண்டிச்செல்வியும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். படப்பை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், ஒற்றை அறை. அவள் கயத்தாறு, நான் கோவில்பட்டி. நான் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாங்கி அடுக்குவதைப் பார்த்து, "பனி பெய்யுற ஊருக் கதையெல்லாம் படிச்சிட்டு இங்க வேர்க்குதுன்னு சொல்லுத," என்று கிண்டல் செய்வாள். போன மாதம் நான் பாதியில் விட்ட ஒரு நாவலில் பக்கம் தெரிவதற்காக ஓர் அரசிலையை வைத்து மூடியவள் அவள்தான். நேற்று திறந்தபோது அது காகிதத்தை விட மெல்லியதாகப் போயிருந்தது. நரம்புகள் புத்தகப் பக்கத்தில் பழுப்பாகப் பதிந்திருந்தன.

அந்த இலை கண் முன்னால் வந்தது. தலையை உதறிக்கொண்டேன். போகவில்லை.

டிவி வருவதற்கு முன்னால் அங்கே பூட்டு இருந்தது. உள்ளே போகிறவர் மெயின் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். டிவி வந்த பிறகு அந்தப் பூட்டெல்லாம் கருவி அறையில் ஆணியில் தொங்குகிறது என்று பாண்டிச்செல்விதான் சொன்னாள். "சாவி தொலைஞ்சா ஷிப்ட் முழுக்க மெஷின் நிக்கும். டிவி இருக்கும்போது பூட்டு எதுக்குன்னு சூப்பர்வைசரே சொல்லிட்டாரு." அன்று எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது.

மணி 2.06. இரண்டரைக்கு ஷிப்ட் மாறும். இரண்டு இருபதுக்கெல்லாம் புது ஆள் மெஷினுக்கு வந்துவிடுவார். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் எந்த மெஷினும் சும்மா நிற்கக் கூடாது என்றிருப்பார்கள். வருகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பச்சை. மெஷின் கதவைச் சாத்துவார். மோல்டுக்கு நடுவே பின்பக்கமாகக் குனிந்து நிற்பவளைக் கதவிலிருந்து பார்க்க முடியாது. அதையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய போனுக்கு அடித்தேன். பயனில்லை என்று தெரிந்தே அடித்தேன். தொழிற்சாலைக்குள் யாருக்கும் போன் கிடையாது. வாசலில் புறாக்கூண்டு மாதிரி ஓர் அலமாரி. ஆளுக்கு ஒரு பொந்து. அந்தப் பொந்தில் அவள் போன் அதிர்ந்துகொண்டிருக்கும்.

டெனிசன் சாரைக் கூப்பிட்டேன்.

"வேல்விழி, கெஸ்டோட கார்ல இருக்கேன்மா." குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், பிள்ளைப்பாக்கத்துல புதுப்பிப்பு நின்னுபோச்சு. வரிசை அடைச்சிக்கிச்சு."

"ஸ்லோவா இருக்கா? மூணு மணிக்குள்ள சரி பண்ணிடு. பிளான்ட்ல யார்கிட்டயும் சொல்லி வைக்காத, இன்னிக்கு வேணாம்."

"சார், பெர்மிட் பட்டியலும்..."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

தொழிற்சாலை வாசல் எண்ணுக்கு அடித்தேன்.

"செக்யூரிட்டி."

"சார், மோல்டிங் சூப்பர்வைசர்கிட்ட உடனே சொல்லணும். ஆறாம் நம்பர் மெஷினை ஓட்டக் கூடாது."

"யாரும்மா நீ?"

"தூண்டில்ல இருந்து. உங்க டிவி எல்லாம் நாங்கதான் பாக்குறோம். அதுல தப்பு."

"டிவி ரிப்பேருன்னா மெயின்டனன்ஸ்ல சொல்லு."

"சார், உள்ள ஆள் இருக்காங்க."

"ஆளெல்லாம் உள்ளதாம்மா கீறாங்க. ஆயிரத்து இருநூறு பேரு." அவர் சிரித்தார். நான் அழத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. "இரு, இரு. அழுவாத. லைன் குடுக்கறேன். எவனோ போன்ல சொன்னான்னு மெஷினை நிறுத்தினா என் வேலை பூடும். நீயே பேசிக்க."

உள் இணைப்பு மணி அடித்தது. பதினைந்து தடவை எண்ணினேன். யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் நிற்பார்கள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

வரிசை, மூவாயிரத்து நானூறு.

கீழே சர்வீஸ் கடையில் யாரோ ஒரு வண்டியை முறுக்கினார்கள். ஜன்னல் அதிர்ந்தது. அந்த அதிர்வில்தான் பஸ் ஞாபகம் வந்தது. இரண்டரை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் இன்னும் சாலையில் இருக்கும். அதில் இருப்பவர்கள் எல்லோரிடமும் வாசல் வரைக்கும் போன் இருக்கும். ஓட்டுநர் டில்லிபாபுவின் எண் என்னிடம் இருந்தது. பாண்டிச்செல்வி தூங்கிப்போகும் நாட்களில் "அண்ணா, ரெண்டு நிமிஷம்" என்று அவரைக் கெஞ்சி நிறுத்துவதற்காக வாங்கி வைத்தது.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்.

"இன்னாமா, உன் பிரெண்டு காலீலயே பூட்டாளே."

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"ஒரகடம் ஜங்ஷன்ல மாட்டிகினு கீறேன். முன்னால கன்டெய்னர் ஒண்ணு குறுக்க நிக்குது."

"ஆறாம் நம்பர் மெஷின் ஓட்டுறவர் உங்க வண்டில இருக்காரா? மாசானம்."

பாண்டிச்செல்வி வாயில் அடிக்கடி வரும் பெயர். ஆறாம் நம்பரின் மதிய ஷிப்ட் ஆள், தென்காசிக்காரர்.

"கீறான். நாலாவது சீட்ல வாயத் தொறந்துகினு தூங்கறான். டேய் மாசானம், போனு."

கைமாறும் சத்தம். பிறகு தூக்கம் கலையாத குரல். "யாரு?"

நான் சொன்னேன். முறையாகச் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி உள்ளே இருக்கிறாள், டிவி பொய், ஓட்டக் கூடாது என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"தங்கச்சி, மெதுவா." குரல் இப்போது முழுதாக விழித்திருந்தது. "ஆறுல இன்னைக்கு நான் இல்ல. என்னைய நாலுல மாத்திப் போட்டுட்டாவ. ஆறுக்கு வசந்தகுமாருன்னு ஒரு புது ஆளு. வந்து ஒரு வாரந்தான் ஆவுது. அவன் முந்துன பஸ்ல போயிட்டான்."

"அவர் போன்?"

"போன்லாம் இந்நேரம் பொந்துல கெடக்கும். நான் எறங்கி ஓடிப்போய்ச் சொல்லுதேன். ஆனா வண்டி போவணுமே. போனாலும் செக்கிங்கு, ஷூ மாத்துறதுன்னு அஞ்சாறு நிமிசம் ஆக்கிப்புடுவான்."

மணி 2.14.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அந்த டிவி எப்பவாவது கறுப்பாகிப் பாத்திருக்கீங்களா?"

"கறுப்பா? ஒருநாளும் இல்ல. எப்பவும் சிவப்பு, பச்சை, ரெண்டுதான்."

இதை நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தூண்டிலிடமிருந்து பதிலே வராமல் போனால் டிவி என்ன காட்ட வேண்டும் என்று எனக்கும் டெனிசன் சாருக்கும் முன்பு ஒரு சண்டை நடந்தது. ஒரு நிமிடம் பதில் இல்லை என்றால் டிவி கறுப்பாகி, 'தகவல் இல்லை. சூப்பர்வைசரை அழைக்கவும்' என்று காட்ட வேண்டும் என்றேன் நான். கறுப்பைப் பார்த்தால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார், கடைசியாக இருந்த நிறத்தையே காட்டிக்கொண்டிருக்கட்டும் என்றார் அவர். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தோம். கடைசியில் பிள்ளைப்பாக்கத்துக்குப் போனது எது என்று எனக்கு நினைவில்லை. தூண்டில் இருநூற்றுப் பதினொரு நாட்களாக நிற்கவே இல்லை. அதனால் அதைத் தெரிந்துகொள்ளும் தேவை யாருக்கும் வரவில்லை.

நான் தூண்டிலை நிறுத்தினால் டிவி கறுப்பாகலாம். இல்லையென்றால் அந்தப் பச்சை அப்படியே உறைந்து நிற்கலாம்.

அந்தத் தொழிற்சாலையை மட்டும் துண்டிக்க முயன்றேன். அந்தக் கட்டளையும் அதே வரிசையின் வாலில் போய் நின்றது. அடைப்புக்கு வெளியே இருந்த சுவிட்ச் ஒன்றே ஒன்று. ஏழு தொழிற்சாலைகளின் கேள்விகளும் உள்ளே வரும் பொதுவாசல். அதை மூடினால் ஏழும் நிற்கும். ஸ்டோரில் பாகம் தேடுகிறவர், லாரியில் சரக்கு ஏற்றுகிறவர், எல்லோருக்கும் தூண்டில் செத்துப்போகும்.

சுவிட்சை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயம் என்றால் சேவையின் பெயரை முழுதாகத் தட்டச் சொன்னது. கைதவறி யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று நானே வைத்த பூட்டு. 'தூண்டில்' என்று அடித்தேன். தப்பு. மறுபடி அடித்தேன். என் விரல்கள் ஒன்றுக்கு இரண்டாக எழுத்தைத் தட்டின. தப்பு. மூன்றாவது தடவை ஒற்றை விரலால், பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டுவது போல் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தேன்.

2.17. திரையில் ஏழு கோடுகளும் ஒரே நேரத்தில் தரைக்கு விழுந்தன.

அடுத்த நிமிடமே மேசையில் இருந்த போன் அடித்தது. பிறகு என் கைபேசி. மறைமலை நகர். ஒரகடம். மறுபடி ஒரகடம். எதையும் எடுக்கவில்லை. ஏழு தொழிற்சாலைகள் ஒன்றாகக் கத்தின. எனக்கு வேண்டிய ஒரு குரல் மட்டும் வரவில்லை. அது வர வழியும் இல்லை. பஸ்ஸுக்கு அடித்தேன்.

"கன்டெய்னர் நவுந்துச்சுமா. இப்பதான் கௌம்பறேன். ஓட்டணும், வை."

2.21. டெனிசன் சார்.

"வேல்விழி, ஏழு பேரும் என்னைக் கூப்பிடுறாங்க. நின்னுபோச்சா?"

"நிக்கல சார். நான்தான் நிறுத்தினேன்."

"என்னது?"

"ஆறாம் நம்பர்ல ஆள் உள்ள இருக்கு. பாண்டிச்செல்வி. டிவி பச்சை காட்டுது. காலைல இருந்து அது காட்டுறது எல்லாம் பொய். நான்தான் பண்ணேன் சார், நட்சத்திரம் போட்டுட்டேன்."

காரின் பின்சீட்டில் யாரோ ஆங்கிலத்தில் மெட்ரோ பற்றி விசாரித்தார்கள்.

"சார், பதில் வரலைன்னா டிவி கறுப்பாகுமா? உங்களோடது போச்சா, என்னோடது போச்சா?"

"தெரியல," என்றார். "ஞாபகம் இல்ல வேல்விழி." பிறகு, "நாங்க இன்னும் சுங்குவார்சத்திரத்துலயே இருக்கோம். நான் அவங்க பிளான்ட் ஹெட்டுக்கு அடிக்கிறேன். நீ ஆன் பண்ணாத. யார் சொன்னாலும் பண்ணாத."

அதன் பிறகு, பொந்தில் கிடக்கும் அவள் போனுக்குத் திரும்பத் திரும்ப அடிப்பதைத் தவிரச் செய்ய ஒன்றும் இல்லை. அறையில் எல்லாம் அப்படியே இருந்தது. தட்டில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கீழே கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. அது ஒரு பம்ப். எண்ணெயைத் தள்ளி இரும்புச் சுவரை நகர்த்தும் பம்பும் இப்படித்தான் ஓடும் என்று தோன்றியது. கம்ப்ரஸர் நிற்கும்வரை நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன். நின்றதும் இன்னும் பயமாக இருந்தது. ஏன் நின்றது? வேலை முடிந்துவிட்டதா?

எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன். ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. வீட்டுமனை விளம்பரப் பலகையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒருவர் நிமிர்ந்து ஒரு டிவியைப் பார்த்திருப்பார். பார்த்து முடித்திருப்பார். நடந்தது நடந்து முடிந்திருக்கும். அது எது என்று எனக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. தெரியாத வரைக்கும் இரண்டுமே நடந்த மாதிரிதான் இருந்தது.

2.51க்கு அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உடனே எடுக்க முடியவில்லை. அவள் போனிலிருந்து வேறு யாரும் பேசலாம். பொந்தில் இருந்து எடுத்து, கடைசியாக அடித்த எண் எது என்று பார்த்து, யாராவது.

"ஏட்டி," என்றாள் பாண்டிச்செல்வி.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"எதுக்குட்டி பதினாலு தடவை அடிச்சிருக்க?" குரல் மெல்லியதாக வந்தது. "நான் இன்னைக்குச் செத்திருப்பேன் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் சொல்றேன்."

"சரி. பஸ் எடுக்கான். டில்லி அண்ணன் என்னையப் பாத்து அழுதுட்டு நிக்காரு. கிறுக்குப் புடிச்சிருக்கு எல்லாத்துக்கும்."

ஐந்து மணிக்கு முன்னால் வரிசை முழுதும் தீர்ந்தது. பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, நட்சத்திரம் இல்லாமல், முழுப் பெயர் அடித்துச் சரிபார்த்தேன். பொதுவாசலைத் திறந்தேன். ஏழு கோடுகளும் எழுந்தன. பிள்ளைப்பாக்கத்துப் பக்கத்தை என் திரையில் திறந்து பார்த்தேன். மெஷின் ஆறு, சிவப்பு. உள்ளே: பாண்டிச்செல்வி. யாரும் அந்தப் பெர்மிட்டை முடித்து வைக்கவில்லை. முடிக்கவேண்டிய நேரத்தில் தூண்டில் இல்லை. அவள் எப்போதோ வெளியே வந்து, பஸ் ஏறி, படப்பைக்கு வந்துவிட்டாள். என் திரையில் அவள் இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை முடித்து வைக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது.

டெனிசன் சார் போனில் இரண்டே வாக்கியம் சொன்னார். "நாளைக்குக் காலைல சீக்கிரம் வா. நடந்ததை நடந்த மாதிரியே எழுதணும், ரெண்டு பேர் பேரையும் போட்டு." கிளம்பும் முன் பலகையில் இருநூற்றுப் பதினொன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் எழுதினேன்.

அறைக்கு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. பாண்டிச்செல்வி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சீருடையை மாற்றவில்லை. உள்ளே வந்து, வழக்கம்போல் கொசுவுக்காகக் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத," என்றாள்.

கையை எடுத்துவிட்டேன்.

நான் கேட்காமலே சொன்னாள். "கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு. நான் பின்னால குனிஞ்சி வயரு முறுக்கிட்டிருக்கேன். சும்மா எவனோ தள்ளிவிட்டிருப்பான்னு நெனச்சேன். அப்புறம் பம்பு ஓடிச்சு. கத்துனேன். என் சத்தம் எனக்கே கேக்கல. ஸ்பேனரை வச்சு இரும்புல அடிச்சேன். அதுவும் கேக்கல. உள்ள எண்ணெய் மணமும் சூடும். எம்புட்டு நேரமோ தெரியல. பம்பு ஓடுது, ஆனா மோல்டு நகரல. எப்ப நகருமோன்னு அதையே பாத்துட்டு நிக்கேன். அப்புறம் கதவு தொறந்துச்சு. சூப்பர்வைசரும் மாசானமும் நிக்காவ. வசந்தகுமாரு பின்னால ஒரு ஓரமா வாந்தி எடுத்துட்டிருக்கான்."

"அவர் ஏன் ஓட்டல?"

"மோல்டு மூடுற பட்டன்ல கைய வச்சிட்டானாம். நிமிந்து பாத்தா டிவி கறுப்பாயிருச்சாம். சூப்பர்வைசரை அழைக்கவும்னு எழுதியிருந்துச்சாம். புதுசுல்லா, எழுதியிருக்கதைப் படிச்சிட்டு அப்படியே சூப்பர்வைசரைத் தேடிப் போயிட்டான், பம்பைக்கூட நிறுத்தாம. மாசானமா இருந்தா டிவி போச்சுன்னு சொல்லிட்டு ஓட்டியிருப்பான்." சிரிக்கப் பார்த்தாள். வாய் மட்டும் அசைந்தது. "உங்க டிவி சரியா அப்போ பாத்து எப்படிட்டி செத்துச்சு?"

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூலகம், லாரி, அட்டவணை, நட்சத்திரம். காலை ஒன்பது இருபது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இருவரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

"நான் பெர்மிட் போட்டுட்டு நிமிந்து பாத்தேன்," என்றாள் கடைசியில். "பச்சையாத்தான் இருந்துச்சு. ஒரு நிமிசம் நின்னேன். மாறல. சரி, வேல்விழி எழுதுனதுல்லா, அதுவா மாறிக்கிடும்னு உள்ள போயிட்டேன்."

அவள் பேண்ட் பையில் கைவிட்டு எதையோ எடுத்துத் தரையில் வைத்தாள். சிவப்புப் பூட்டு. கருவி அறை ஆணியில் தொங்கியது. அதன் மேல் பழைய பெயின்டில் அவள் பெயர் பாதி அழிந்திருந்தது. வாசலில் சோதனை போடும் செக்யூரிட்டி அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் விட்டாராம். சாவியை அவள் ஏற்கெனவே கழுத்துச் செயினில் கோத்திருந்தாள்.

"நாளைக்கு டிவி என்ன நெறம் காட்டுனாலும் எனக்கு இது போதும்," என்றாள்.

"சரி," என்றேன்.

கொசுக்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. எழுந்து சாத்தலாமா என்று நான் கேட்கவில்லை. கீழே மளிகைக் கடைக்காரர் கடையைக் கட்டினார். ஷட்டர் கரகரவென்று இறங்கித் தரையில் மோதியது. ஒரே நேரத்தில் நாங்கள் இருவரும் எழுந்து நின்றிருந்தோம், அவள் கையில் என் கையும், என் கையில் அந்தப் பூட்டும்.